இருபத்து நான்கில் ஒரு பங்கு

அறுபதைக் கடந்த இரண்டு ஆண்கள் மேசையின் இருபுறமும் அமர்ந்து பொம்மைக் கார் ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கேட்பவர் சிரிப்பார். எங்கள் வீட்டிற்கு வரும் உறவினரும் சிரிக்கத்தான் செய்கின்றனர். பின்பு அவர்களே குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கதவு திறக்குமா?" என்று கேட்கின்றனர். திறக்காது என்று அறிந்ததும் சற்றே ஏமாற்றத்துடன் நிமிர்கின்றனர். இக்கேள்வியைக் கேட்காத விருந்தினர் ஒருவரையும் இதுவரை நாங்கள் கண்டதில்லை.

நாங்கள் உடன்பிறந்தோர் இருவர். ஊர் திருச்சி, பிறந்து வளர்ந்தது பாலக்கரை. மூத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து 2017-இல் ஓய்வு பெற்றவர். இளையவர் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றவர். ஒருவருக்கு அரம் பிடித்த கை, மற்றவருக்குத் தூரிகை பிடித்த கை. இக்கட்டுரை முழுவதிலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். அதற்குரிய காரணம் போகப் போகத் தெரியும்.

2018-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த எங்கள் தங்கையின் மகன், மாமன்மார் பொழுது போகாமல் அல்லலுறுவதைக் கண்டு, ஒரு பெட்டியைக் கொடுத்துச் சென்றான். ஜப்பானின் தமியா நிறுவனம் செய்த வோக்ஸ்வாகன் வண்டுக் கார். மெய்யான காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. திறந்து பார்த்தபோது உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. கிளையில் காய்கள் தொங்குவது போல ஒவ்வொரு சட்டத்திலும் சக்கரம், கதவுப்பிடி, இருக்கை, ஸ்டியரிங் எனச் சிறு உறுப்புகள் தொங்கின. அவற்றை நறுக்கி எடுத்து, நறுக்கிய இடத்துத் தழும்பை அரத்தால் தேய்த்து, ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்குரிய திரவத்தைப் பசை என்பது பொருந்தாது. அது பிளாஸ்டிக்கின் விளிம்பை இளக்கிக் கரைத்து, இரண்டு துண்டுகளை ஒரே துண்டாக்கிவிடுகிறது. "இது ஒட்டுறது இல்ல தம்பி, வெல்டிங்" என்றார் பணிமனைக்காரர். ஆகவே பிழையாகச் சேர்த்ததைப் பின்னர் பிரிக்க வழியில்லை.

பிழைகளுக்குக் குறைவும் இல்லை. கண்ணாடிகளைப் பொருத்துவதற்கு, பெட்டிக்கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைப் பயன்படுத்தினோம். அதன் ஆவி பட்டு முன்கண்ணாடி முழுவதும் வெண்மை படர்ந்துவிட்டது. இன்றும் அந்த வண்டுக் காரில் மார்கழிப் பனி விலகவில்லை. வண்ணம் காயுமுன் முன்மூடியில் ஒரு விரல் ரேகையும் பதிந்தது. யாருடைய விரல் என்று ஒரு வாரம் வாதாடினோம், தீர்ப்பு எட்டப்படவில்லை.

ஆயினும் அந்தப் பெட்டி எங்களைப் பிடித்துக்கொண்டது. அளவுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். ஏன் இருபத்து நான்கில் ஒரு பங்கு? ஏன் இருபதோ முப்பதோ அன்று? விடை எளியது. அடி, அங்குலம் வழங்கிய நாடுகளில் ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்தால் இருபத்து நான்கில் ஒன்று வரும். நாற்பத்து மூன்றில் ஒன்று என்ற இன்னொரு அளவு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓ கேஜ் எனப்படும் பொம்மை ரயில்களில் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கொண்டனர். அந்த ரயில் நிலையங்களுக்கு வெளியே நிறுத்துவதற்கு அதே அளவில் கார்களும் தேவைப்பட்டன. ரயில்வேயில் வாழ்நாளைக் கழித்தவருக்கு இச்செய்தி அளித்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. காருக்கு முன்னரே ரயில் வந்ததற்கு இதுவும் ஒரு சான்று என்று வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெய்யான காருக்கும் முன்னரே மாதிரிக் கார் வந்துவிட்டது என்பது இன்னும் வியப்பானது. பெல்ஜியம் நாட்டவரும் இயேசு சபைத் துறவியுமான பெர்டினாண்ட் வெர்பீஸ்ட் பதினேழாம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் காங்சியின் அவையில் வானியல் அறிஞராக விளங்கியவர். ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள ஒரு சிறு வண்டியைப் பற்றி, 1687-இல் வெளிவந்த தம் இலத்தீன் நூலில் அவர் விவரிக்கிறார். தணல் மீது வைத்த கலத்திலிருந்து பீறிடும் நீராவி ஒரு சிறகுச் சக்கரத்தின் மேல் மோத, வண்டி தானே ஓடுமாம். மனிதனைச் சுமந்து ஆவியால் ஓடும் வண்டியைப் பிரான்சில் குன்யோ செய்தது 1769-இல். இடையில் ஏறத்தாழ நூறாண்டு. எங்களைப் பார்த்துச் சிரிக்கும் உறவினரிடம் இந்தத் துறவியைப் பற்றித்தான் முதலில் சொல்வோம்.

அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கைக் கல்விக்கே வழியாக்கியிருந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கென ஒரு கைவினைப் போட்டி நடத்தியது. முதலில் அரச கோச்சு வண்டியின் மாதிரி. பின்னர் தாமே கற்பனை செய்த கார், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில். வென்றோருக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தது. அவர்களுள் சிலர் பிற்காலத்தில் மெய்யான கார்களை வடிவமைத்தனர். நாங்களோ ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

வண்டுக் காருக்குப் பின் இன்னும் இரண்டு பெட்டிகளைக் கட்டி முடித்தோம். அவற்றுள் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அவையெல்லாம் நாங்கள் ஏறியறியாத கார்கள். ஏறியறிந்த கார் ஒன்றே ஒன்றுதான்: அப்பா ஓட்டிய அம்பாசடர்.

அப்பா காந்தி மார்க்கெட் பகுதியில் மண்டி வைத்திருந்த ஒரு வணிகரிடம் கார் ஓட்டியாக இருந்தார். முதலாளியின் வீடு கார் நுழைய முடியாத சந்தில் இருந்தது. ஆதலால் இரவில் வண்டி எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும். பாலக்கரையில் எங்களைப் போன்ற குடும்பத்தின் முற்றத்தில் ஒரு கார் நிற்பது அந்நாளில் சிறு பெருமையன்று. அது 1966-ஆம் ஆண்டு வண்டி. கட்டம் கட்டமான முகப்பு வலையை உடைய மார்க் டூ. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடரைச் செய்துவந்தனர். செய்வதை நிறுத்திய பிறகு அதை நினைவுகூர்வோர் பெருகிவிட்டனர் போலும். கடைகளில், பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடர் கிடைக்கிறது. வாங்கிப் பார்த்தோம். அது அம்பாசடர்தான், அப்பாவின் வண்டி அன்று.

ஆகவே மரத்தில் செதுக்குவது என்று முடிவாயிற்று. தமியா நிறுவனம் 1946-இல் மர வாணிபமாகத் தொடங்கிப் பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறியது என்று படித்திருந்தோம். நாங்கள் பிளாஸ்டிக்கில் தொடங்கி மரத்துக்குத் திரும்பினோம். உறையூரில் ஒரு பட்டறையின் பின்புறம் துருவேறிக் கிடந்த அம்பாசடர் ஒன்றை, பட்டறைக்காரரின் இசைவோடு இரண்டு நாள் அளந்தோம். நீளம் சுமார் 4,325 மில்லிமீட்டர். இருபத்து நான்கால் வகுத்தால் 180. அகலம் 69, உயரம் 66. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறத்தாழ 103. பட்டறைப் பையன் ஒருவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை வாங்கப் போறீங்களா தாத்தா?" என்றான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போகப்போகிறோம் என்றதும் அகன்றுவிட்டான்.

2020-இல் ஊரடங்கு வந்தது. அந்த மாதங்களில்தான் குமிழ மரக் கட்டையிலிருந்து வண்டி வெளிப்பட்டது. வெளிப்புறம் செதுக்குவது கடினமன்று. உட்புறம் குடைவதே கடினம். சன்னல்களைத் திறந்ததும், கூரையைத் தாங்கும் தூண்கள் தீக்குச்சி அளவுக்கு மெலிந்துவிட்டன. இடப்புறத் தூண் ஒன்று முறிந்தது. பித்தளைக் கம்பி வைத்துச் சீர் செய்தோம். முகப்பு வலைக்குப் பழைய தேநீர் வடிகட்டி உதவியது. அம்மா அதை வாரக்கணக்கில் தேடினார். சக்கரங்கள் கட்டி முடித்த பெட்டி ஒன்றில் மிஞ்சியவை. பளபளக்கும் ஓரப்பட்டைகளுக்கு மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளைத் தலைமுடி அளவாக நறுக்கி ஒட்டினோம்.

பிறகு வண்ணம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாதிரி செய்வோரின் பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான். மெய்யான காரின் மேல் உள்ள வண்ணத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதே தடிமனில் எங்கள் மரக்காருக்குப் பூசினால், மெய்யான காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணத்தை அப்பியதற்கு ஒப்பாகும். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள கோடு எங்கள் காரில் 0.2 மில்லிமீட்டர்தான், ஒரு பூச்சு கூடினாலும் அது தூர்ந்துபோகும். ஆகவே முதலில் மரத்தின் துளைகளை அடைக்கப் பட்டி, அதைத் தேய்க்க உப்புத்தாள், அதன்மேல் சாம்பல் நிறப் பிரைமர், அதைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தல், அதன்பின் புகை போல மெல்லிய ஸ்பிரே. ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் காற்றின் ஈரம் வண்ணத்தில் ஏறி வெளுத்துவிடுகிறது. மழை ஓயும்வரை காத்திருந்து தையில் தொடங்கினோம். தெருவில் யாரேனும் பெருக்கும் நேரத்திலும் பூசலாகாது.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெய்யான காரின் வண்ணத்தையே வாங்கிச் சிறிய காருக்குப் பூசினால் அது இருண்டு தெரிகிறது. பெரிய பொருளைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். இடையில் காற்றும் ஒளியும் நிறத்தை இளக்குகின்றன. சிறியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதனால் வெண்மையைச் சிறிது கூட்டிக் கலக்க வேண்டும். ஓவிய ஆசிரியருக்கு இது புதியதன்று. பிட்டருக்கோ இது பொய் சொல்வதாகவே பட்டது. "அளவு எல்லாம் சரியா இருக்கணும், நிறம் மட்டும் தப்பா இருக்கணுமா?" என்று கேட்டார்.

ஆனால் சரியான நிறம்தான் எது? எங்களிடம் உள்ள ஒரே புகைப்படம் கறுப்பு வெள்ளை. அதிலும் அப்பாவின் தோளுக்குப் பின்னால் காரின் பாதிதான் விழுந்திருக்கிறது. ஒருவர் வான நீலம் என்றார். மற்றவர் சாம்பல் கலந்த நீலம் என்றார். ஐஸ் குச்சிகள் பதினொன்றில் பதினொரு நீலங்களைப் பூசிக் காயவைத்து அம்மாவின் முன் பரப்பினோம். அம்மாவுக்கு அப்போது வயது எண்பத்தாறு. கண்ணில் புரை நீக்கி ஓராண்டு ஆகியிருந்தது. குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதுவும் இல்லடா. நீலம் போடுறப்ப ரெண்டு சொட்டுக் கூடிப்போன வேட்டி மாதிரி இருக்கும்" என்றார். பன்னிரண்டாவது குச்சி அதுவாயிற்று. பார்த்தவுடன் எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழுந்தது. அந்த வண்டி முழுவதும் அந்த நிறத்தில் இல்லை. இடப்புறப் பின்கதவு மட்டும் சற்று அழுத்தமான நீலம். ஆறாண்டு வெயிலில் வெளுத்த வண்டியில் ஒரு கதவுக்கு மட்டும் புதிதாக வண்ணம் பூசியதால் வந்த வேற்றுமை.

அந்தக் கதவின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1972-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஒரு துக்க வீட்டிற்கு நடந்தே போயிருந்தார். அம்மாவும் உடன் சென்றிருந்தார். சாவி ஆணியில் தொங்கியது. எங்களுக்கு வயது பதினைந்தும் பன்னிரண்டும். வண்டி மொத்தம் எட்டடி தூரம் ஓடியிருக்கும். ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்ததில், முற்றத்துத் துவைகல் பின்கதவைப் பிடித்துக்கொண்டது. அந்த ஓசை இன்றும் காதில் இருக்கிறது. கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒடுக்கு. வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தினோம். ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தோம். சாவியை அதே ஆணியில் மாட்டினோம். பின்னர் பாடப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

அப்பா மாலையில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறுநாள் முதலாளியிடம், மார்க்கெட்டில் வண்டியைத் திருப்பும்போது தம் கவனக்குறைவால் உரசிவிட்டதாகச் சொன்னார். ஒடுக்கெடுத்து, பட்டி பார்த்து, வண்ணம் பூச நூற்றிருபது ரூபாய். மாதம் பதினைந்து ரூபாயாக எட்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டனர். அந்த எட்டு மாதத்தில் எங்கள் பள்ளிச் சம்பளம் நிற்கவில்லை. நின்றது எது என்று அப்போது நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்து பொடிமட்டை காணாமற் போனது நினைவிருக்கிறது. யாரோ வண்டிக்காரன் உரசிவிட்டுப் போயிருப்பான் என்று அப்பா எண்ணியிருப்பார் என நாங்கள் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் பல. அப்பா 1989-இல் காலமானார்.

ஐம்பது ஆண்டுகளாக எங்களுக்குள்கூட நாங்கள் அதைப் பேசியதில்லை. இப்போது மேசையின் மேல், வண்ணம் பூசப்படாத கதவாக அது வந்து நின்றது.

"ஒரே நிறமா அடிச்சுடலாம் தம்பி. வண்டி நல்லா இருந்த மூணு வருஷமும் நாம பாத்ததுதானே?"

"அதுக்கப்புறம் ஏழு வருஷம் நம்ம முற்றத்துல நின்னுச்சே அண்ணே?"

இதைக் கொண்டு அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர் யார் என்று வாசகர் ஊகிக்க வேண்டாம். ஊகித்தால் தவறிவிடக்கூடும். அன்று சாவியை எடுத்தது ஒரு கை, வண்டியை ஓட்டியது ஒரு கை, ஸ்டியரிங்கைத் துடைத்தது ஒரு கை. இவற்றை இரண்டு பேருக்குப் பங்கிடும் வேலையில் இனி நாங்கள் இறங்குவதாக இல்லை.

கதவை ஒதுக்கி வைத்துவிட்டு உட்புறத்தைக் கவனித்தோம். கூரையைத் தனியாக அறுத்து வைத்திருந்ததால் உள்ளே பொருத்துவது எளிதாக இருந்தது. அந்நாளைய அம்பாசடரில் முன்னிருக்கை ஒரே நீள மெத்தை. கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும். மெத்தையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதை எந்த இடத்தில் வைத்து ஒட்டுவது? கட்டிலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், "அப்பா சீட்டை எங்க வச்சு ஓட்டுவாரும்மா?" என்று கேட்டோம்.

"அவர் உசரத்துக்கு எங்க வைப்பாரு? கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளித்தான் வச்சிருப்பாரு" என்றார் அம்மா. கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஒரு நாளுதான் முன்னாடி இழுத்துக் கெடந்துச்சாம். துவைகல்லுல இடிச்ச அன்னைக்கி. உக்காந்ததும் முழங்கால் ஸ்டியரிங்குல முட்டிக்கிச்சுன்னு சொன்னாரு."

நாங்கள் இருவரும் பேசவில்லை. ஸ்டியரிங்கைத் துடைத்தவர்கள், சாவியை மாட்டியவர்கள், கால் எட்டுவதற்காக முன்னால் இழுத்த இருக்கையைப் பின்னே தள்ள மறந்திருக்கிறோம். ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க ஒண்ணும் கேக்கலையாம்மா?"

"கூப்பிட்டு ரெண்டு வைக்கச் சொன்னேன். 'பயந்து போயிருக்கானுங்க, விடு'ன்னாரு. அப்புறம் சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு வண்டியைக் கழுவப் போயிட்டாரு." அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தாரு" என்றார்.

அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. மூன்றாம் நாள் இடப்புறப் பின்கதவைத் தவிர மற்றவற்றை ஒட்டுத்தாளால் மூடினோம். பன்னிரண்டாவது குச்சியின் நீலத்தில் ஒரு துளி கறுப்பும் இரண்டு துளி நீலமும் சேர்த்தோம். முதற்பூச்சை ஒருவரும் இரண்டாம் பூச்சை மற்றவரும் அடித்தோம். ஒட்டுத்தாளை உரித்தபோது, பழக்கமில்லாத கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. தெரிந்த உறவினர் சிலர், "இந்தக் கதவுல பெயிண்ட் கொஞ்சம் சரியா வரல" என்று அன்போடு சுட்டிக்காட்டியதுண்டு. ஆம் என்று ஒப்புக்கொள்கிறோம்.

இருக்கையை ஒட்டவில்லை. பித்தளைத் தகட்டில் இரண்டு தண்டவாளங்களை அரத்தால் தேய்த்தெடுத்து, தரையில் பதித்து, மெத்தையை அவற்றின் மேல் அமர்த்திவிட்டுக் கூரையை மூடினோம். தண்டவாளம் போடுவது பொன்மலைக்காரருக்குப் பழகிய வேலை. கதவு திறக்காத வண்டி. உள்ளே கைவிட முடியாது. ஆனால் வண்டியைக் கையிலெடுத்து முன்புறம் சாய்த்தால் இருக்கை 'டக்'கென்று முன்னே வரும். பின்புறம் சாய்த்தால் பின்னே போகும். பேரக் குழந்தைகளுக்கு அந்த ஓசை பிடித்துப்போயிற்று. விளையாடிவிட்டு இருக்கை முன்னால் வந்தபடியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அம்மா மாத்திரை எடுக்க அந்தப் பக்கம் போகும்போது வண்டியை எடுத்து, சற்றே பின்புறம் சாய்த்து, மீண்டும் வைக்கிறார்.

பின் பம்பரை இன்னும் செய்து முடிக்கவில்லை. அலுமினியப் பட்டையை வளைப்பதில் இரண்டு முறை தோற்றுவிட்டோம்.